நானூறு ஆண்டுகள் போதாதா?

எங்களை வந்தேறிகள் என்கிறீர்கள். எப்போது வந்தோம் என்பதையும் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் போர்ச்சாலு குலத்தாரைக் கொண்டுவந்து இந்தச் சமவெளியில் குடியேற்றினான் என்கிறீர்கள். அதற்கு முன்பே இங்கே துருக்கிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. உங்கள் கணக்கையே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கணக்கிலேயே நானூறு ஆண்டுகள் ஆகின்றன. நானூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் பிறந்து, இதையே உழுது, செத்தபின் இதிலேயே புதைக்கப்பட்டவர்களின் வாரிசுகள் நாங்கள். இன்னும் எத்தனை தலைமுறை புதைந்தால் எங்களை இந்த நாட்டுக்காரர்கள் என்பீர்கள்? அந்த எண்ணையாவது சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போகிறேன்.

நான் ஜார்ஜியாவின் குடிமகள். இனத்தால் அஜர்பைஜானி. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே, மார்னெவுலியை அடுத்த ஒரு கிராமத்தில், அஜர்பைஜானி மொழிப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதியைப் போர்ச்சாலி என்போம். அரசின் ஏடுகளில் அது க்வெமோ கார்ட்லி மாகாணத்துக்குள் வருகிறது. 2014 கணக்கெடுப்பில் நாங்கள் 2,33,024 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். இந்த நாட்டின் சிறுபான்மைகளிலேயே பெரிய கூட்டம். மார்னெவுலி வட்டாரத்தில் பத்தில் எட்டுப் பேர் நாங்கள்தான். தலைநகரின் சந்தையில் நீங்கள் பேரம் பேசி வாங்கும் உருளைக்கிழங்கும் கொத்தமல்லிக் கட்டும் எங்கள் வயலில் விளைந்தவை. எங்கள் கை விளைவித்ததை உண்ணத் தெரிந்த உங்களுக்கு எங்கள் முகம் மட்டும் ஏன் அந்நியமாகப் போனது?

நான் இப்படிக் கேட்டவுடன் நீங்கள் எடுத்து வீசும் கல் எனக்குத் தெரியும். “இத்தனை காலம் இங்கே இருந்தும் ஜார்ஜிய மொழி தெரியாதா? இந்த நாட்டின் மேல் உங்களுக்குப் பற்று இருந்தால் கற்றிருக்க மாட்டீர்களா?” இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மினிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் கேட்டிருக்கிறாள். 2014 கணக்கெடுப்பின்படி எங்களில் ஐந்தில் ஒருவர்கூட ஜார்ஜிய மொழியைச் சரளமாகப் பேசுவதில்லை. உண்மைதான். அந்த உண்மைக்குக் குற்றவாளி யார் என்பதைத்தான் நாம் பேச வேண்டும். உட்கார்ந்து கேளுங்கள்.

சோவியத் காலத்தில் நாங்கள் தாய்மொழியில் படித்தோம். வீட்டுக்கு அஜர்பைஜானி, வெளியுலகுக்கு ரஷ்ய மொழி, இவ்வளவு போதும் என்றார்கள். பட்டாளம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, கூட்டுப்பண்ணைக் கணக்கு என்று எல்லாமே ரஷ்ய மொழியில் நடந்தன. ஜார்ஜிய மொழி பாடவேளை அட்டவணையில் ஒரு மூலையில் கிடந்தது. அதை எங்கள் கிராமங்களில் ஒழுங்காகக் கற்பித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குத் திபிலிசியிலிருந்த எந்த அதிகாரியும் கவலைப்பட்டதில்லை. பிறகு 1991இல் நாடு விடுதலை பெற்றது. சட்டம், படிவம், நீதிமன்ற ஆணை, மருந்துச் சீட்டு, வரி நோட்டீஸ் எல்லாம் ஜார்ஜிய மொழிக்கு மாறின. மாறியது தவறு என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் உரிமை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக எழுதப்பட்டு வரும் மொழி உங்களுடையது. அதன் முப்பத்து மூன்று எழுத்துகளையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு சமூகம் முழுவதும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக ஆகிவிட்டதே, அவர்களுக்குக் கற்பிக்க ஆள் அனுப்ப வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா?

வந்த ஆசிரியர்களைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் ஜார்ஜிய மொழி ஆசிரியருக்கே அந்த மொழியில் நாலு வாக்கியம் கோவையாகப் பேச வராது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் கற்பிக்கவில்லை. நகரத்திலிருந்து நல்ல ஆசிரியர் வந்தால் தங்க வீடு கிடையாது, சம்பளம் பேருந்துக்கே சரியாகிவிடும், ஓராண்டில் கிளம்பிவிடுவார். பல கிராமங்களில் பாலர் பள்ளியே இல்லாததால் ஆறு வயதுக் குழந்தை ஜார்ஜிய மொழியின் ஒலியைக்கூடக் காதால் கேட்டிராமல் முதல் வகுப்பில் வந்து உட்காரும். அந்தக் குழந்தைதான் பன்னிரண்டு ஆண்டு கழித்து நாட்டின் மற்ற குழந்தைகளோடு போட்டி போட வேண்டும்.

2005இல் பல்கலைக்கழகங்களுக்கு ஒருங்கிணைந்த தேசிய நுழைவுத் தேர்வு கொண்டுவந்தீர்கள். லஞ்சத்தை ஒழித்த சீர்திருத்தம் என்று உலகமே பாராட்டியது. லஞ்சம் ஒழிந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஜார்ஜிய மொழியும் இலக்கியமும் கட்டாயப் பாடமாயின. எங்கள் பிள்ளைகளுக்குத் தலைநகரப் பல்கலைக்கழகத்தின் கதவு அடைபட்டது. கணக்கில் புலியாக இருந்த பையன்கள், மருத்துவம் படிக்க ஏங்கிய பெண்கள் எல்லோரும் அஜர்பைஜானின் பாகூவுக்கோ மாஸ்கோவுக்கோ போனார்கள், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு வயலுக்குத் திரும்பினார்கள். ஐந்தாண்டு கழித்து, 2010இல்தான் தாய்மொழியில் ஒரு திறனறித் தேர்வு எழுதிச் சேரலாம், ஓராண்டு ஜார்ஜிய மொழி படித்துவிட்டு நாலாண்டு பட்டப்படிப்புக்குப் போகலாம் என்று ஒரு வழி திறந்தீர்கள். அது நல்ல திட்டம். மனமாரச் சொல்கிறேன், இந்த நாடு எங்களுக்குச் செய்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். அந்த வழியாகப் போன என் மாணவிகள் இன்று உங்களைவிட நல்ல ஜார்ஜிய மொழியில் உங்களுக்கே பதில் எழுதுகிறார்கள். வழியைக் காட்டினால் நடப்போம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? விடுதலை பெற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் வரை இதைச் செய்யாமல் இருந்தீர்களே, அந்தத் தலைமுறையின் வாழ்க்கையை யார் திருப்பித் தருவது?

பாடப்புத்தகக் கூத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை வகுப்பறையில் நின்று அனுபவித்தவள் நான். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இருமொழிப் புத்தகம் என்று ஒன்று வந்தது. எழுபது விழுக்காடு அஜர்பைஜானி, முப்பது விழுக்காடு ஜார்ஜியம். ஏதோ ஒரு மன்னனின் போரைப் பற்றிப் பாடம் தொடங்கும். குழந்தைகள் வாசித்துக்கொண்டே வருவார்கள். போர் உச்சத்துக்கு வரும் இடத்தில் மொழி மாறிவிடும். மீதிக் கதை ஜார்ஜிய எழுத்தில். வாசித்த குழந்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும். வகுப்பே என் முகத்தைப் பார்க்கும். எனக்கும் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் புத்தகத்தை அச்சடித்தீர்கள். வரலாறும் முழுதாகப் போய்ச் சேரவில்லை, மொழியும் போய்ச் சேரவில்லை. தம் ஆசிரியைக்கு ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் அந்தப் பிள்ளைகள் தெளிவாகக் கற்றுக்கொண்டார்கள். முப்பது குழந்தைகளுக்கு முன்னால் ஒரு ஆசிரியையைக் கூனிக் குறுக வைத்த அந்த ஏற்பாட்டை எந்தக் கல்விக் கொள்கை என்று அழைப்பது?

என் அம்மா கடைசிக் காலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் இளம் டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார். எங்கே வலிக்கிறது என்று ஜார்ஜிய மொழியில் கேட்டிருக்கிறார். அவள் அஜர்பைஜானியில் சொன்னாள். பிறகு உடைந்த ரஷ்ய மொழியில் சொன்னாள். அந்தப் பையனுக்கு ரஷ்ய மொழி தெரியாது. அவர் எதையோ எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் மேலே வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். “என்னைத் திட்டினானா, நல்லதாகச் சொன்னானா, அதுகூடத் தெரியவில்லை மகளே” என்றாள். எண்பது வயதுக் கிழவி, பிறந்த நாட்டின் ஆஸ்பத்திரியில், தன் வலியைச் சொல்ல வழியில்லாமல் அழுதாள். இதற்கும் அவளுடைய பற்றின்மைதான் காரணம் என்பீர்களா?

மொழி தெரியாதவனிடமிருந்து எதையும் பிடுங்குவது எளிது. நிலத்தில் அதுதான் நடந்தது. கூட்டுப்பண்ணைகள் கலைந்தபோது நிலத்தைக் குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் எல்லைக் கோட்டிலிருந்து 21 கிலோமீட்டர் பட்டைக்குள் இருந்த நிலம் அரசிடமே இருக்கும் என்றார்கள். அஜர்பைஜான் எல்லையும் ஆர்மீனிய எல்லையும் எங்களை ஒட்டி ஓடுகின்றன. எங்கள் கிராமங்கள் பலவும் அந்தப் பட்டைக்குள்தான் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் எங்களுக்கு; பரந்த வயல்கள் அரசிடம். அந்த வயல்களைச் சட்டம் தெரிந்தவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், மேலிடத்தில் ஆள் வைத்திருந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்து நூற்றுக்கணக்கான ஹெக்டேராகக் குத்தகைக்கு எடுத்தார்கள். பிறகு அதே நிலத்தை எங்களுக்கே கூடுதல் விலைக்கு உள்குத்தகைக்கு விட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் கல் பொறுக்கிச் சீர்படுத்திய வயலில் நாங்கள் கூலிகளானோம். 2004 டிசம்பரில் மார்னெவுலிப் பகுதியின் குலாரி கிராமத்தில் நிலத் தகராறு முற்றித் துப்பாக்கி வெடித்தது. எங்கள் பெண் ஒருத்தி உயிரை விட்டாள். நிலம் கேட்டதைத் தவிர அந்த ஊர் வேறென்ன குற்றம் செய்தது?

தண்ணீரும் அப்படித்தான். மஷாவெரா ஆற்றின் மேல் பகுதியில் சுரங்கம். கீழே அந்த ஆற்று நீரில் பாசனம் செய்யும் எங்கள் வயல்கள். அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணில் செம்பும் காட்மியமும் ஏறிக்கிடப்பதை ஆய்வாளர்கள் அளந்து சொல்லிப் பல ஆண்டுகள் ஆயின. எங்களுக்கு அதை எங்கள் மொழியில் சொன்னவர் யார்?

ஊர்ப் பெயர்களுக்கு வருகிறேன். தேசியவாதத் தலைவர் கம்சகுர்தியா அதிகாரத்துக்கு வந்த காலம் அது. மேடைதோறும் ஜார்ஜியா ஜார்ஜியர்களுக்கே என்ற முழக்கம். 1989இலேயே மார்னெவுலி, போல்னிசி, த்மனிசிப் பக்கங்களில் மோதல் வெடித்துவிட்டது. போல்னிசி நகரிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கான எங்கள் குடும்பங்கள் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு அஜர்பைஜானுக்கு ஓடின. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களும் உண்டு, இரவில் கதவு தட்டப்பட்டவர்களும் உண்டு. அந்தக் காலத்தில்தான், 1990, 91இல், எங்கள் கிராமங்களின் பெயர்களை டஜன் கணக்கில் மாற்றினார்கள். ஃபக்ரலி ஒரு நாள் தலவேரி ஆனது. கபனக்ச்சி, க்வெமோ போல்னிசி ஆனது. அரிக்லி, நஹிதுரி. சராச்லி, மம்குத்தி. அந்த ஊரில் வாழ்கிற ஒருவரையும் கேட்கவில்லை. அதற்கு முன்பே, 1947இல், கராயாசி கர்தபானி ஆகியிருந்தது. பாஷ்கெச்சித் த்மனிசி ஆகியிருந்தது. அது ஸ்டாலின் காலம், கேட்க நாதியில்லை என்று விட்டோம். சுதந்திர நாட்டில், மக்களாட்சியில், நடந்ததற்கு என்ன சமாதானம்? ஃபக்ரலியில் பிறந்த கிழவரின் அடையாள அட்டையில் அவர் கேள்விப்படாத ஊரின் பெயர் பிறந்த இடமாக அச்சாகியிருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அவர் வீட்டில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பழைய பெயர். பட்டாவில் புதிய பெயர். இரண்டையும் பலகையில் சேர்த்து எழுதினால் உங்கள் நாடு எந்த இடத்தில் இடிந்து விழும்?

உங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. அப்காசியாவை இழந்தீர்கள், தெற்கு ஒசேத்தியாவை இழந்தீர்கள். இரண்டரை லட்சம் ஜார்ஜியர்கள் சொந்த வீட்டை விட்டு அகதிகளாகி வந்தார்கள். அவர்களுக்காக நானும் அழுதேன். அடுத்து போர்ச்சாலியும் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். ஆனால் கண்ணைத் திறந்து பாருங்கள். இங்கே தனிநாடு கேட்டுத் துப்பாக்கி எடுத்தவன் ஒருவனும் இல்லை. அடித்தபோது அழுதோம், விரட்டியபோது போனோம், இருக்க முடிந்தவர்கள் இருந்தோம். 1989இல் மூன்று லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் இருந்த எங்கள் எண்ணிக்கை 2014க்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. பிரிந்து போகும் எண்ணம் இருந்தவர்கள் இப்படி ஓசையில்லாமல் குறைந்துகொண்டே போவார்களா? எவனோ செய்த வினைக்கு எங்களை ஏன் காவல் காக்கிறீர்கள்?

காவல் என்றதும் 2020 மார்ச் நினைவுக்கு வருகிறது. நவ்ருஸ் பண்டிகையின் நாட்கள். எங்கள் பகுதியில் ஒரு பெண்மணிக்குக் கொரோனா இருப்பது தெரிந்தது. மார்ச் 23ஆம் தேதி மார்னெவுலியையும் போல்னிசியையும் நாட்டிலிருந்து துண்டித்துப் பட்டாளத்தைச் சாலையில் நிறுத்தினீர்கள். நோயைத் தடுக்க வேண்டியதுதான்; அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பேசுகிறேன். முதல் நாட்களில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்ற அறிவிப்பெல்லாம் எங்கள் மக்கள் படிக்க முடியாத மொழியில் வந்தன. கிழவர்கள் பாகூவின் தொலைக்காட்சியைப் பார்த்து இன்னொரு நாட்டின் விதிமுறைகளைக் கடைப்பிடித்தார்கள். அதற்குள் சமூக வலைத்தளங்களில் நாக்குகள் நீண்டுவிட்டன. “இந்தத் தாத்தார்கள் நோய் பரப்புகிறார்கள், எல்லைக்கு அப்பால் அனுப்புங்கள்” என்று எழுதினார்கள்; எங்களை இழித்துச் சொல்லும் பெயர் தாத்தார். நோயில் கிடந்த அந்தப் பெண்மணியைச் சபித்தார்கள். வயலில் வசந்தகாலக் கீரை முற்றிக்கொண்டிருந்தது. ஏற்றி அனுப்ப வழியில்லை. ஆண்டு முழுவதும் பார்க்கிற காசு எங்களுக்கு அந்த இரண்டு மாதங்களில்தான். கடன் வாங்கி விதைத்தவர்கள் ஏப்ரலில் சாலைக்கு வந்து கத்தினார்கள். அதைப் படம் பிடித்துப் போட்டு, கட்டுப்பாடில்லாத கூட்டம் என்றீர்கள். அழுகிப்போன கீரையை ஏன் ஒருவரும் படம் பிடிக்கவில்லை?

தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் நினைவு வரும். எந்தக் கட்சி ஆண்டாலும் போர்ச்சாலி அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போடும் என்று ஏளனமாகச் சொல்கிறீர்கள். ஷெவார்ட்நாட்சேவுக்குப் போட்டார்கள், சாகாஷ்விலிக்குப் போட்டார்கள், இப்போது ஜார்ஜியக் கனவுக் கட்சிக்குப் போடுகிறார்கள். ஆமாம், போட்டார்கள். பள்ளித் தலைமையாசிரியரின் வேலை, பையனின் வேலை, குத்தகை, உதவித்தொகை அத்தனையும் ஆளும் கையில் இருக்கும்போது, வேறு கட்சிக்காரன் வாசற்படி மிதித்து எங்கள் மொழியில் ஒரு துண்டுத்தாள்கூடத் தராதபோது, ஒரு கிராமத்தான் என்ன செய்வான்? 2024 அக்டோபர் 26 தேர்தலில் மார்னெவுலிப் பகுதியின் ஒரு சாவடியில் ஒருவர் கற்றைச் சீட்டுகளைப் பெட்டிக்குள் திணிக்கும் காணொளியை நாடே பார்த்தது. அதைப் பார்த்து எங்களுக்கும் ரத்தம் கொதித்தது, திருடப்பட்டது எங்கள் ஓட்டும்தான். ஆனால் தலைநகரில் படித்தவர்கள், ஐரோப்பா வேண்டும் என்று கொடி பிடிப்பவர்கள், கோபத்தை யார் மேல் கொட்டினார்கள்? எங்கள் மேல். எங்களால்தான் நாடு கெட்டது என்றார்கள். சமத்துவம் கேட்டுத் தெருவில் நிற்பவர்களின் வாயிலிருந்தும் அதே வசைதான் வருமென்றால் நாங்கள் எந்தத் தெருவில் போய் நிற்பது?

150 பேர் உட்காரும் நாடாளுமன்றத்தில் எங்கள் தலைக்கணக்குக்கு ஒன்பது இடம் வர வேண்டும். ஒரு கை விரல்களைத் தாண்டி எங்கள் ஆட்களை அங்கே நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தவர்களும் வாய் திறந்ததில்லை.

பெண் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்துவிடுகிறீர்களே என்றும் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பெண் பத்தாம் வகுப்புக்கு வராமல் போவதை நான் கண்ணால் பார்த்தவள். அவர்கள் வீட்டுப் படியேறி அப்பன்மாரோடு சண்டை போட்டவள். எங்கள் ஆண்களின் அந்தப் பாவத்தை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு அப்பன் என்னிடம் திருப்பிக் கேட்டான்: “படிக்க வைத்தால் எங்கே வேலை தருவார்கள் டீச்சர், சொல்லுங்கள்.” அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு அலுவலகத்தின் பெயர்கூட இல்லை. அதற்கு நீங்களும் பொறுப்பு.

எங்களுக்கு ஒரு தாய்நாடு இருக்கிறதே, அங்கே போங்கள் என்கிறீர்கள். பாகூவைப் பற்றி என் வாயைக் கிளறாதீர்கள். எங்கள் பையன்கள் அங்கே போனால் ஜார்ஜியாக்காரன் என்று கேலி செய்வார்கள். 2020 மார்ச்சில் அஜர்பைஜான் தன் தரைவழி எல்லையை மூடியது. பெருந்தொற்று போனது, உலகத்தின் எல்லைகள் எல்லாம் திறந்தன; அந்தக் கதவு மட்டும் ஆண்டுக்கணக்கில் திறக்கவில்லை. எல்லையிலுள்ள சிவப்புப் பாலத்தின் இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. நடந்தே போகிற தூரத்தில் நடந்த சாவுக்குப் போக விமானச் சீட்டு வாங்கு என்றார்கள். உருளைக்கிழங்கு விற்கிறவளிடம் விமானச் சீட்டுக்கு ஏது காசு? அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மண்ணுக்குள் அனுப்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எங்களை ரத்தத்தின் ரத்தம் என்று மேடையில் பேசுகிற அதே அரசு செய்த வேலை இது. அந்த அரசிடமிருந்து தப்பி வந்து திபிலிசியில் தங்கியிருந்த பத்திரிகையாளர் அஃப்கான் முக்தார்லி 2017 மே 29ஆம் தேதி தலைநகரின் நடுவில் காணாமல் போனார்; மறுநாள் பாகூவில் சிறையில் இருந்தார். ஆறாண்டு தண்டனை கொடுத்தார்கள். இரண்டு அரசுகளுக்கும் எங்களைப் பற்றிப் பேச ஆயிரம் இருக்கிறது. எங்களைக் காக்க மட்டும் இரண்டும் வருவதில்லை. 2019இல் எல்லையிலுள்ள கரேஜா மடம் யாருக்கு என்று இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டபோதும் எங்களைத்தான் இங்கே சந்தேகக் கண்ணால் பார்த்தார்கள். அந்த எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் நாங்களா?

நாங்கள் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தோம் என்றும் ஒருவர் கேட்டார். வரலாற்று ஆசிரியையிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. எங்கள் நவீன நாடக இலக்கியத்தின் தந்தை மிர்சா ஃபத்தலி அகுந்தோவ் வாழ்ந்ததும் 1878இல் செத்ததும் திபிலிசியில். இன்றும் அந்த ஊரிலேயே உறங்குகிறார். 1879இல் கோரி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அஜர்பைஜானிப் பிரிவு தொடங்கியது. எழுத்தாளர் ஜலீல் மம்மத்குலுசாதேயும் இசைமேதை உசெயிர் ஹாஜிபெய்லியும் அங்கே படித்தவர்கள். அதே மம்மத்குலுசாதே 1906இல் ‘முல்லா நஸ்ருதீன்’ என்ற கேலி ஏட்டைத் திபிலிசியில் தொடங்கினார். முஸ்லிம் உலகத்தின் முல்லாக்களும் மன்னர்களும் அதைக் கண்டு நடுங்கினார்கள். 1918 மே 26இல் ஜார்ஜியா திபிலிசியில் விடுதலை அறிவித்தது. இரண்டே நாள் கழித்து, மே 28இல், அஜர்பைஜான் தன் விடுதலையை அறிவித்ததும் அதே திபிலிசியில்தான். அந்த ஆண்டிலேயே உங்கள் முதல் குடியரசின் உள்ளாட்சித் தேர்தலில் கராயாசிப் பகுதி மக்கள் பெரிஹான் சோஃபியேவா என்ற முஸ்லிம் பெண்ணைத் தேர்ந்தெடுத்து மன்றத்துக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலம் அது. எங்கள் ஊர்ப் பெண் அவள். உங்கள் பிள்ளைகளின் பாடத்தில் அவள் பெயர் எங்கே? அகுந்தோவ் எங்கே? உங்கள் நகரத்தின் கந்தகக் குளியலறைகளுக்கு மேலே ஒரு மசூதி இருக்கிறது. ஷியா மசூதியைச் சோவியத்காரர்கள் 1951இல் இடித்த பிறகு சன்னிகளும் ஷியாக்களும் அங்கே ஒன்றாகத் தொழுகிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப் போய் அதைக் காட்டி, பாருங்கள் எங்கள் சகிப்புத்தன்மையை என்று பெருமை பேசுகிறீர்கள். அங்கே தொழுகிறவன் மறுநாள் உங்கள் அலுவலகத்து ஜன்னலில் வந்து நின்றால், மொழி கற்றுக்கொண்டு வா என்று விரட்டுகிறீர்கள்.

2017இலிருந்து ஐரோப்பாவுக்கு விசா இல்லாமல் போகலாம். என் மாணவர்களில் பலர் போய்விட்டார்கள். ஜெர்மனியின் வயல்களில் பழம் பறிக்கிறார்கள், போலந்தில் லாரி ஓட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரன் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுகிறானாம். படிவத்தை ரஷ்ய மொழியிலும் துருக்கிய மொழியிலும் நீட்டுகிறானாம். ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: “டீச்சர், இங்கே நான் உண்மையிலேயே அந்நியன், ஆனால் இவர்கள் என்னை மனிதனாக நடத்துகிறார்கள்.” அவன் அதைச் சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது.

திபிலிசியில் உட்கார்ந்து ஆள்கிறவர்களே, நான் கேட்பவை பெரியவை இல்லை. ஒவ்வொரு அஜர்பைஜானிக் கிராமத்திலும் ஒரு பாலர் பள்ளி திறந்து, ஜார்ஜிய மொழியை நன்கு அறிந்த ஆசிரியரை, குடும்பத்தோடு வாழும்படி சம்பளமும் வீடும் கொடுத்து அனுப்புங்கள். ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்க்க ஓர் ஆளை உட்கார வையுங்கள். பல்கலைக்கழகம் முடித்த எங்கள் பெண்களே வேலையில்லாமல் இருக்கிறார்கள், அவர்களையே வையுங்கள். எல்லைப் பட்டையின் நிலத்தை உழுகிறவன் பெயருக்கு எழுதுங்கள். ஃபக்ரலி, அரிக்லி, சராச்லி என்ற பெயர்களைத் தலவேரி, நஹிதுரி, மம்குத்தி என்பவற்றின் பக்கத்திலேயே பலகையில் எழுதுங்கள். சிவப்புப் பாலத்தைத் திறக்கச் சொல்லிப் பாகூவிடம் எங்களுக்காக உரத்துப் பேசுங்கள். எங்களுக்காகப் பேச வேண்டிய அரசு நீங்கள்தான். என் பேரனுக்கு இந்த ஆண்டு ஆறு வயது. வரும் செப்டம்பரில் பள்ளிக்குப் போகிறான். அவனுக்கு ஜார்ஜிய மொழி கற்பிக்க யார் வருகிறார்கள் என்று இப்போதே சொல்லுங்கள்.